அமெரிக்காவில் கால்நடை மருத்துவம்: இளநிலையில் எந்தப் பாடத்தை எடுப்பது?

உங்கள் கேள்வி இதுதான்: வட கரோலினாவில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகள் கால்நடை மருத்துவராக வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறாள். இளநிலைப் பட்டத்துக்கு உயிரியலை முதன்மைப் பாடமாக (இங்கே மேஜர்) எடுப்பதா, விலங்கு அறிவியலை எடுப்பதா என்று அவள் தடுமாறுகிறாள். மருத்துவ இடம் கிடைக்காமல் போனாலும் வேலைக்குப் பஞ்சமிராது என்பதால் பயோமெடிக்கல் பொறியியலே பாதுகாப்பு என்று உறவினர் ஒருவர் சொல்லியிருக்கிறார். கால்நடை மருத்துவக் கல்லூரி எந்த மேஜரை விரும்புகிறது என்று நீங்கள் கேட்கிறீர்கள்.

எந்த மேஜரையும் அது விரும்புவதில்லை என்பதே நேரடியான பதில். டி.வி.எம். என்ற நான்காண்டுக் கால்நடை மருத்துவப் பட்டம் தரும் அமெரிக்கக் கல்லூரிகள் விண்ணப்பதாரரிடம் குறிப்பிட்ட சில பாடங்களை முடித்திருக்கிறாயா என்று கேட்கின்றனவே தவிர, பட்டச் சான்றிதழில் எந்தத் துறையின் பெயர் இருக்கிறது என்று கேட்பதில்லை. சில கல்லூரிகள் இளநிலைப் பட்டத்தை முடித்திருக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயப்படுத்துவதில்லை. முன்தேவைப் பாடங்களை மூன்றாண்டுகளில் முடித்து உள்ளே போனவர்களும் இருக்கிறார்கள். பல பல்கலைக்கழகங்களில் "ப்ரீ-வெட்" என்று சொல்லப்படுவதும் ஒரு பட்டப்படிப்பு அல்ல. எந்தத் துறையில் இருக்கும் மாணவரும் சேர்ந்துகொள்ளக்கூடிய ஆலோசனைத் தடம் அது.

நம்மவர்களுக்கு இது குழப்பமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணும் கலந்தாய்வும் முடிந்தால் 17 வயதிலேயே தீர்மானம் ஆகிவிடுகிறது. வேப்பேரியிலோ நாமக்கல்லிலோ ஐந்தரை ஆண்டுப் படிப்பில் சேர்ந்த அன்றே அந்தப் பிள்ளை கால்நடை மருத்துவர் ஆவதற்கான பாதையில் நிற்கிறது. நானும் 1903-இல் தொடங்கிய அந்தச் சென்னைக் கல்லூரியில் படித்து, இங்கே வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான தகுதித் தேர்வுகளை எழுதி, விஸ்கான்சினில் பசுக்களையும் வீட்டு விலங்குகளையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறவன். எங்களிடம் அனுபவ நேரத்துக்காக வரும் இளநிலை மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பரிந்துரைக் கடிதம் எழுதிவருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: இங்கே இளநிலைப் பாடம் என்பது வாசல் அல்ல, நான்காண்டு நின்று உழ வேண்டிய நிலம். அந்த நிலத்தில் என்னென்ன விளையும், பிள்ளைக்கு எத்தனை மதியப் பொழுதுகளை அது மிச்சம் வைக்கும் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் முன்தேவைப் பாடங்கள். ஆய்வகத்தோடு கூடிய பொது உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், உயிர்வேதியியல், இயற்பியல், மரபியல், நுண்ணுயிரியல், புள்ளியியல், இவற்றோடு எழுத்துப் பயிற்சியும், சில இடங்களில் மேடைப்பேச்சும் என்பது பெரும்பாலான கல்லூரிகளின் பட்டியல். விளிம்பில்தான் வேறுபாடு வருகிறது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் உடலியங்கியலைக் கேட்கிறது. உங்கள் மாநிலத்தின் அரசுக் கல்லூரியான ராலேயில் உள்ள வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் கால்நடை ஊட்டச்சத்தியலைக் கேட்டு வந்திருக்கிறது. ஒரு பட்டத்துக்கு ஏறத்தாழ 120 கிரெடிட் (பாட அலகு) என்றால் அதில் பாதியை ஒட்டி இந்தப் பாடங்களே எடுத்துக்கொள்ளும். ஆகவே முதன்மைப் பாடம் எதுவானாலும், அதன் கட்டாயப் பாடங்களும் இந்தப் பட்டியலும் எவ்வளவு ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன என்று காகிதத்தில் எழுதிப் பார்ப்பதுதான் முதல் வேலை. பட்டியல்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், அவள் விண்ணப்பிக்க நினைக்கும் ஐந்தாறு கல்லூரிகளின் பக்கங்களை ஒவ்வொரு கோடையிலும் புதிதாகப் பார்க்க வேண்டும்.

உயிரியல், பட்டியலின் பெரும்பகுதியைத் தானாகவே மூடிவிடும். கால்நடை ஊட்டச்சத்தியல் மட்டும் வெளியே நிற்கும். சேப்பல் ஹில் போல வேளாண் கல்லூரி இல்லாத பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் அந்த ஒரு பாடத்தை வேறு பல்கலைக்கழகத்தின் தொலைநிலை வகுப்பில் தேட வேண்டியிருக்கும். இது பெரிய தடையல்ல. ஆனால் மூன்றாம் ஆண்டில் தெரியவந்தால் பதற்றம், முதலாண்டிலேயே தெரிந்தால் வெறும் ஏற்பாடு. நுண்ணுயிரியலையோ உயிர்வேதியியலையோ முதன்மைப் பாடமாக எடுத்தால் படிப்பு இன்னும் இறுக்கமானது. கால்நடை மருத்துவத்தின் முதலாண்டுச் சுமையைத் தாங்க அவை நல்ல உரம் தருகின்றன, ஆய்வகங்களில் வேலையும் கிடைக்கிறது.

இங்கே அனிமல் சயின்ஸ் எனப்படும் விலங்கு அறிவியலைப் பற்றி நம் பெற்றோர்களிடம் ஒரு தயக்கம் இருப்பதைக் கண்டிருக்கிறேன். வேளாண் கல்லூரிக்குள் இருப்பதால் அது இரண்டாம் தரம் என்று நினைத்துவிடுகிறார்கள். அது தவறு. 1862-ஆம் ஆண்டின் மாரில் சட்டத்தால் உருவான நிலக்கொடைப் பல்கலைக்கழகங்களின் இதயமே இந்தத் துறைகள்தான். உங்கள் மாநிலத்தில் ராலேயிலும், கிரீன்ஸ்பரோவின் ஏ அண்ட் டி பல்கலைக்கழகத்திலும் இது உண்டு. பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான பண்ணையில் மாடு, ஆடு, பன்றி, குதிரை எல்லாவற்றையும் கையால் தொட்டுப் படிக்கலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: பெரும்பாலான துறைகளில் இதற்குள்ளேயே அறிவியல் பிரிவு ஒன்று, பண்ணை உற்பத்தி மற்றும் தொழில் பிரிவு ஒன்று என்று இரண்டு கிளைகள் இருக்கும். உற்பத்திப் பிரிவின் பாடத்திட்டத்தில் கரிம வேதியியல் இரண்டாம் பருவமும் இயற்பியலும் இல்லாமலே பட்டம் முடிந்துவிடக்கூடும். சேரும்போதே அறிவியல் பிரிவைக் கேட்டு வாங்க வேண்டும். கோழி அறிவியல் என்று தனித் துறை வைத்திருக்கும் சில பல்கலைக்கழகங்களில் ராலேயும் ஒன்று. நாமக்கல்லைத் தெரிந்தவர்களுக்கு அந்தத் துறையின் பொருளாதார எடையை விளக்க வேண்டியதில்லை. மாணவர்கள் குறைவு என்பதால் பேராசிரியருக்குப் பிள்ளையின் பெயர் தெரியும். பரிந்துரைக் கடிதத்தில் அது தெரியும்.

எந்தத் துறை நல்ல மருத்துவரை உருவாக்குகிறது என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு மாலையைச் சொல்வது வழக்கம். கன்று போட்டு இரண்டு நாளான ஒரு ஜெர்சிப் பசு எழுந்திருக்கவில்லை என்று பண்ணையிலிருந்து அழைப்பு வந்தது. என்னோடு இரண்டு மாணவிகள் வந்தார்கள். ஒருத்தி விலங்கு அறிவியல், இன்னொருத்தி உயிர்வேதியியல். கொட்டகைக்குள் நுழைந்ததும் முதலாமவள் பசுவின் காதைத் தொட்டுப் பார்த்து, "சில்லென்று இருக்கிறது, கழுத்தை எஸ் போல மடித்து வைத்திருக்கிறது" என்றாள். எத்தனையாவது ஈற்று என்று பண்ணைக்காரரிடம் கேட்டாள். அவர் நான்கு என்றார். பால் காய்ச்சல் என்று நாம் சொல்லும் கால்சியக் குறைபாடு அது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாமவள் அதுவரை பசுவின் பக்கத்தில் நின்றதே இல்லை; எந்தப் பக்கம் நிற்பது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் கழுத்துச் சிரையில் கால்சியக் கரைசலை ஏற்றிக்கொண்டே நான் ஸ்டெதாஸ்கோப்பை அவளிடம் கொடுத்து, இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே இரு, ஒழுங்கு தவறினால் சொல் என்றபோது, ஏன் இவ்வளவு மெதுவாக ஏற்றுகிறோம் என்று அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. இதயத் தசைச் செல்லில் கால்சியம் என்ன செய்கிறது என்பதை அவளே எனக்குச் சொன்னாள். சற்று நேரத்தில் பசுவின் தசைகள் நடுங்கின, ஏப்பம் வந்தது, சாணம் போட்டது, பிறகு முன்னங்காலை ஊன்றி எழுந்தது. அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் நான் மனமாரக் கடிதம் எழுதினேன். ஒருத்திக்கு இல்லாததை இன்னொருத்தி அந்த ஆண்டு முழுவதும் எங்கள் மருத்துவமனையில் கற்றுக்கொடுத்தாள்.

ஆக, துறை ஒரு பாதியைத் தரும். மறுபாதியை வெளியே தேடிக்கொள்ள வேண்டும். உயிரியலோ உயிர்வேதியியலோ எடுக்கும் பிள்ளை பண்ணைக்குப் போக வேண்டும்; விலங்கு அறிவியல் எடுக்கும் பிள்ளை கரிம வேதியியலில் உழைக்க வேண்டும். பொறியியலைப் பற்றிய என் கவலையும் இங்கேதான் வருகிறது. உங்கள் உறவினரின் அக்கறை நியாயமானது. முதல் முறை இடம் கிடைக்காமல் இரண்டாம், மூன்றாம் முறை விண்ணப்பித்துச் சேர்பவர்கள் பலர். இடையில் வாழ்க்கைக்கு வழி வேண்டும். ஆனால் பயோமெடிக்கல் பொறியியலின் பாடத்திட்டம் ஏற்கெனவே நிரம்பி வழிவது. அதன்மேல் நுண்ணுயிரியல், மரபியல், உயிர்வேதியியல், கால்நடை ஊட்டச்சத்தியல் என்று ஏற்றினால் ஒன்று படிப்பு ஐந்தாண்டாகும், அல்லது மதிப்பெண் இறங்கும், அல்லது மருத்துவமனைக்குப் போகும் மதியங்கள் காணாமல் போகும். பெரும்பாலும் மூன்றும் நடக்கின்றன. பொறியியலின் மீதே ஆசை உள்ள பிள்ளை அதை எடுக்கட்டும். செயற்கை மூட்டும் படமெடுக்கும் கருவிகளும் கால்நடை மருத்துவத்துக்கும் தேவை. பயத்துக்காக எடுப்பதுதான் வேண்டாம் என்கிறேன். அதே நேர்மையோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: வெறும் உயிரியல் இளநிலைப் பட்டத்தை வைத்துக்கொண்டு நல்ல சம்பளத்தில் வேலை தேடுவது எளிதல்ல. விலங்கு அறிவியல் முடித்தவர்களுக்குத் தீவன நிறுவனங்கள், மருந்து நிறுவனங்கள், விவசாயிகளுக்கு ஆலோசனை தரும் விரிவாக்கப் பணி என்று சில கதவுகளாவது பெயர் போட்டே திறந்திருக்கின்றன. மாற்று வழியைக் கணக்கில் வைத்துத்தான் துறையைத் தேர்வதென்றால், இந்த ஒப்பீட்டையும் உறவினரிடம் சொல்லுங்கள்.

மதிப்பெண் சராசரியைப் பற்றி ஒரு முக்கியமான செய்தி. இது உங்கள் மகளுக்கு இந்த ஆண்டே பொருந்தும். பெரும்பாலான கல்லூரிகளுக்கு வி.எம்.சி.ஏ.எஸ். என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். டெக்சாஸுக்கு மட்டும் தனிச் சேவை உண்டு. மாணவர் இதுவரை எடுத்த எல்லாக் கல்லூரிப் பாடங்களையும் சேர்த்துப் பொதுச் சராசரி, அறிவியல் சராசரி, கடைசி 45 கிரெடிட்டின் சராசரி என்று அந்தச் சேவை தானே கணக்கிடுகிறது. ஒரு பாடத்தை மீண்டும் எழுதி ஏ வாங்கினால் பல்கலைக்கழகம் பழைய மதிப்பெண்ணை மறந்துவிடலாம். இந்தச் சேவை மறக்காது, இரண்டையும் கணக்கில் எடுக்கும். உயர்நிலைப் பள்ளியில் இருந்தபடியே சமுதாயக் கல்லூரியில் எடுக்கும் இரட்டைச் சேர்க்கைப் பாடங்களும் இதில் அடக்கம். பதினேழு வயதில் விளையாட்டாக எடுத்த ஒரு சி, இருபத்தொரு வயதில் விண்ணப்பத்தில் வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். பள்ளியிலேயே கல்லூரி நிலையில் எழுதும் ஏ.பி. தேர்வுகள் அப்படியல்ல; அவற்றுக்குக் கிரெடிட் உண்டு, சராசரியில் இடமில்லை. ஆனால் ஏ.பி. உயிரியலைக் காட்டி முதலாண்டு உயிரியலைத் தவிர்த்தால், சில கல்லூரிகள் அதற்கு ஈடாக ஒரு மேல்நிலை உயிரியல் பாடத்தைக் கேட்கும். கையில் ஏ.பி. இருந்தாலும், வேதியியலில் அடித்தளம் ஆடுகிறது என்று அவளுக்கே தோன்றினால், முதலாண்டு வேதியியலை மீண்டும் உட்கார்ந்து படிப்பதில் இழப்பு ஏதுமில்லை. கரிம வேதியியல் இரண்டாம் ஆண்டில் காத்திருக்கிறது.

வரிசையும் முக்கியம். விண்ணப்பம் ஜனவரியில் திறந்து செப்டம்பர் நடுவில் மூடுகிறது. நான்காண்டில் நேராகச் சேர வேண்டுமென்றால், மூன்றாம் ஆண்டு முடிந்த கோடையிலேயே விண்ணப்பத்தை எழுத வேண்டும். அதற்குள் கரிம வேதியியல், மரபியல், உயிர்வேதியியல் மதிப்பெண்கள் கையில் இருந்தால் தேர்வுக் குழு ஏதோ ஒன்றைப் பார்த்து முடிவெடுக்க முடியும். எல்லாம் நான்காம் ஆண்டில் இருந்தால் வெறும் வாக்குறுதியைத்தான் பார்க்கும். கரிம வேதியியல், இயற்பியல், மரபியல் மூன்றையும் ஒரே பருவத்தில் எடுத்துத் தன் திறமையை நிரூபிக்க முயன்ற மாணவர்கள் உண்டு. அதைக் குழு வீரமாகப் பாராட்டியதை நான் கண்டதில்லை.

விலங்குகளோடான அனுபவத்தை வி.எம்.சி.ஏ.எஸ். இரண்டாகப் பிரிக்கிறது: கால்நடை மருத்துவரின் மேற்பார்வையில் செய்தது ஒன்று, விலங்குகளோடு மட்டும் பழகியது மற்றொன்று. விலங்குக் காப்பகத்தில் நாய்களை நடத்திச் செல்வது இரண்டாவது வகை. அதை முதல் வகையில் எழுதக் கூடாது. பெரும்பாலான கல்லூரிகள் ஒரு கடிதமாவது கால்நடை மருத்துவரிடமிருந்து வர வேண்டும் என்கின்றன. எழுதுபவனாகச் சொல்கிறேன்: ஒரே கோடையில் நூறு மணி நேரத்தைக் குவித்தவரைவிட, இரண்டாண்டு வாரம் ஒரு மதியம் வந்து தரையைக் கூட்டிய பிள்ளையைப் பற்றி எனக்கு எழுத நிறைய இருக்கிறது. அதனால்தான் மதியங்களைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன். செவ்வாயும் வியாழனும் ஆறு மணி வரை ஆய்வகம் என்று நான்காண்டும் கட்டிப்போடும் பாடத்திட்டத்தைப் பார்த்தால், அந்த வாரத்தில் மருத்துவமனைக்கு எந்த நாள் என்று கேளுங்கள்.

அடுத்து, துறையைவிடக் கனமான விஷயம்: எந்த மாநிலத்தவர், என்ன விசா. முப்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் பெரும்பாலானவை அரசுக் கல்லூரிகள். அவை தங்கள் மாநிலத்தவருக்கே பெரும்பகுதி இடங்களை ஒதுக்குகின்றன. ராலேயில் 1981-இல் முதல் அணியைச் சேர்த்த கல்லூரியும் அப்படித்தான். அந்தக் கல்லூரி உங்கள் மாநிலத்திலேயே இருக்கும்போது, பெயருக்காகத் தொலைதூரத் தனியார் பல்கலைக்கழகத்தில் இளநிலை படிக்க வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ராலேயிலேயே இளநிலை படித்தால் கால்நடை மருத்துவத்துக்கென்று தனி ஆலோசனை மையமும், உணவு விலங்கு மருத்துவத்தில் நாட்டமுள்ள இளநிலை மாணவர்களை முன்கூட்டியே அடையாளம் காணும் திட்டமும் அருகிலேயே இருக்கின்றன.

நீங்கள் பச்சை அட்டை பெற்றுவிட்டீர்களா, இன்னும் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறீர்களா என்று எழுதவில்லை. பின்னதானால் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். பெற்றோரின் விசாவைச் சார்ந்த எச்-4-இல் இருக்கும் பிள்ளைக்கு 21 வயதானதும் அந்தச் சார்பு நிலை முடிந்துவிடும். அது பெரும்பாலும் இளநிலையின் மூன்றாம் அல்லது நான்காம் ஆண்டில், சரியாக விண்ணப்ப நேரத்தில் வந்து நிற்கும். எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் சில கல்லூரிகள் அவளை வெளிநாட்டு மாணவியாகவே கருதும். சில அரசுக் கல்லூரிகள் வெளிநாட்டவரை மிகக் குறைவாகவே எடுக்கும். மாநிலத்தவர் கட்டணத்துக்கான விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. மத்திய அரசின் கல்விக்கடன் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பு உள்ளவர்களுக்கும்தான். இத்தனை ஆண்டு இங்கேயே வளர்ந்த பிள்ளைகள், பள்ளியில் முதல் வரிசையில் இருந்தவர்கள், இந்த ஒரு காரணத்தால் திகைத்து நிற்பதைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது. முதலாண்டிலேயே குடியேற்ற வழக்கறிஞரிடமும் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்திடமும் எழுத்துமூலம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடன் பெறத் தகுதி உள்ளவர்களுக்கும் கணக்கு மாறியிருக்கிறது. 2025-இல் வந்த சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் தொழில்முறைப் பட்ட மாணவருக்கு மத்தியக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்ற வரம்புக்குள் நிற்கும். தனியார் கல்லூரிகளிலும், வேறு மாநில மாணவருக்கு அரசுக் கல்லூரிகளிலும், கட்டணத்தோடு வாழ்க்கைச் செலவையும் கூட்டினால் இந்த வரம்பு போதாமல் போகும். இளநிலையில் சேமிக்கும் ஒவ்வோர் ஆயிரம் டாலரும் அவள் மருத்துவரான பிறகு எங்கே, எந்த விலங்குகளுக்கு வேலை செய்வாள் என்பதைத் தீர்மானிக்கும். கடன் சுமையால் கிராமத்துப் பண்ணை மருத்துவத்தை விட்டு நகரத்துக்குப் போன நல்ல மருத்துவர்களை எனக்குத் தெரியும்.

எனவே உங்கள் மகளின் இடத்தில் நான் இருந்தால், ராலேயில் விலங்கு அறிவியலின் அறிவியல் பிரிவில் சேர்வேன். அவளுக்குப் பண்ணை விலங்குகளில் நாட்டமே இல்லை, செல்லும் மூலக்கூறும்தான் அவளை இரவில் விழிக்க வைக்கின்றன என்றால், உயிர்வேதியியலை எடுத்துக்கொண்டு வாரம் ஒரு மதியம் பண்ணைக்குப் போகச் சொல்வேன். இந்த இரண்டில் எது என்பதை அவள்தான் சொல்ல முடியும். அதற்குப் பட்டியல்களைவிட ஒரு நாள் நேரில் போய்ப் பார்ப்பது உதவும்.

பல்கலைக்கழகத்தைப் பார்க்கப் போகும்போது நூலகத்தையும் விடுதியையும் காட்டுவார்கள். பார்த்துவிட்டு, பண்ணைக்கு எப்படிப் போவது, முதலாண்டு மாணவர்களை உள்ளே விடுவார்களா, கார் இல்லாத பிள்ளை எப்படிப் போகிறாள் என்று கேளுங்கள். கடந்த ஆண்டு இந்தத் துறையிலிருந்து கால்நடை மருத்துவத்துக்கு விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர், இடம் கிடைத்தவர்கள் எத்தனை பேர், கிடைக்காதவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று துறையின் ஆலோசகரிடம் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர் தயங்காமல் பதில் சொன்னால் நல்ல துறை என்று நம்பலாம். அந்தப் பதில்களோடு அவள் போட்டிருக்கும் நான்காண்டுப் பாடவரிசையையும் எழுதி அனுப்புங்கள்; பருவம் பருவமாகப் பார்த்து என் கருத்தைச் சொல்கிறேன்.